வேலையை விட்டுவிட்டு டிரேடிங் கற்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 27 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சம்பளம் 24,000 ரூபாய். கையில் ஒன்றரை லட்சம் சேமிப்பு இருக்கிறது. கூட வேலை பார்த்த நண்பன் ஒருவன் வேலையை விட்டுவிட்டு ஆப்ஷன் டிரேடிங் செய்கிறான். தினமும் லாபத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறான். அவன் படித்த இடத்திலேயே நானும் சேரலாம் என்று இருக்கிறேன். ஆறு வாரம், ஞாயிறுதோறும் வகுப்பு, கட்டணம் 45,000 ரூபாய். முதல் போதவில்லை என்றால் நகையை அடகு வைத்துத் தருவதாக அம்மா சொல்கிறார். ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டு முழுநேரமாக இறங்க நினைக்கிறேன். எவ்வளவு முதல் வேண்டும், எவ்வளவு நாள் ஆகும், எங்கிருந்து தொடங்குவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோவையில் ஒரு பங்குத் தரகு அலுவலகத்தில் 19 வருடம் டீலராக உட்கார்ந்திருந்தவன் நான். உங்கள் வயதில், இதே கணக்கோடு வந்த பையன்களின் லெட்ஜரை முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் கேட்காத ஒரு கணக்கு. மாதம் 24,000 என்றால் வருடத்துக்கு 2,88,000 ரூபாய். ஒன்றரை லட்சம் முதலை வைத்துக்கொண்டு இந்தச் சம்பளத்தை டிரேடிங்கில் எடுக்க வேண்டுமானால், வருடத்துக்கு 192 சதவீதம் லாபம் வர வேண்டும். ஒரு வருடம் வந்தால் போதாது, ஒவ்வொரு வருடமும் வர வேண்டும். எல்லாச் செலவும் போக வருடத்துக்கு 20 சதவீதம் தொடர்ந்து எடுக்கிறவரை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அந்த 20 சதவீதமே உங்களுக்கு வந்தாலும் ஒன்றரை லட்சத்தில் மாதம் 2,500 ரூபாய்தான். அதில் வாடகை கொடுப்பீர்களா, அம்மாவுக்கு மருந்து வாங்குவீர்களா?

இந்தக் கணக்குதான் ஆட்களை ஆப்ஷன் (ஒரு பங்கையோ குறியீட்டையோ குறித்த தேதியில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) பக்கம் தள்ளுகிறது. சின்ன முதலில் பெரிய சம்பளம் எடுக்க வேண்டும் என்று நினைக்கிற நிமிடத்திலேயே, பெரிய பந்தயம் கட்டுவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போகிறது. கற்றுக்கொள்ளும் காலத்தில் இருக்கிறவன் கட்டவே கூடாதது அந்தப் பெரிய பந்தயம்தான். ஆகவே என் முதல் பதில்: வேலையை விடாதீர்கள். மார்க்கெட்டில் நீங்கள் நிதானமாக இருப்பதற்குத் தேவையான முதல் கருவியே உங்கள் சம்பளம்தான்.

இனி, எண்கள் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். ஃப்யூச்சர்ஸ் (வருங்காலத் தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்), ஆப்ஷன்ஸில் தனிநபர்கள் என்ன ஆனார்கள் என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகள், ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்கள். அதில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். தலைக்குச் சராசரியாக சுமார் 2 லட்சம் ரூபாய். எல்லோருக்கும் சேர்த்து 1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் வெறும் 1 சதவீதம். நஷ்டப்பட்டவர்களில் நாலில் மூன்று பங்குக்கு மேல் நிறுத்தாமல் தொடர்ந்து செய்துகொண்டே இருந்தார்கள் என்பதுதான் எனக்கு மனசை உறுத்துகிற வரி.

'தொடர்ந்து செய்தால் கைவந்துவிடும்' என்று உங்கள் நண்பர் சொல்லக்கூடும். பிரேசிலில் பங்குச் சந்தைக் குறியீட்டு ஃப்யூச்சர்ஸில் டே டிரேடிங்குக்கு (அன்றே வாங்கி அன்றே விற்பது) புதிதாக வந்தவர்களைப் பின்தொடர்ந்து ஒரு ஆய்வு செய்தார்கள். 300 நாளுக்கு மேல் விடாமல் செய்தவர்களிலேயே 97 சதவீதம் பேருக்கு நஷ்டம். வெறுமனே நாள் கூடுவதால் இதில் கைத்திறன் கூடிவிடுவதில்லை. தையல் மெஷினில் உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் கை பழகும், ஏனென்றால் தப்பாகத் தைத்தால் துணி உடனே காட்டிக்கொடுத்துவிடும். மார்க்கெட் அப்படிக் காட்டிக்கொடுக்காது. தப்பான டிரேடுக்குச் சில நாள் லாபம் கொடுக்கும், சரியான டிரேடுக்கு நஷ்டம் கொடுக்கும். எது திறமை, எது அதிர்ஷ்டம் என்று பிரித்துக் காட்டுகிற கணக்கு ஒன்றை நீங்களே எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால் பத்து வருடம் ஆனாலும் முதல் நாள் மாதிரிதான்.

ஆப்ஷனைப் பற்றி ஒரு உதாரணம் சொல்கிறேன். புதன்கிழமை நிஃப்டி (50 பெரிய கம்பெனிப் பங்குகளின் குறியீடு) 24,800-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. அடுத்த செவ்வாய் எக்ஸ்பைரி (காலாவதி) ஆகும் 25,000 'கால்' ஆப்ஷனை 120 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள்; அன்று நிஃப்டி 25,000-க்கு மேல் முடிந்தால்தான் அதற்கு மதிப்பு. லாட் (ஒரு தடவை வாங்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை) 75 என்று கொள்வோம் (இந்த எண்ணிக்கையை எக்ஸ்சேஞ்ச் அவ்வப்போது மாற்றும்). போட்ட பணம் 9,000 ரூபாய். நீங்கள் நினைத்தபடியே நிஃப்டி ஏறுகிறது. செவ்வாய் மாலை 24,950-இல் முடிகிறது. 150 புள்ளி ஏற்றம். உங்கள் கணிப்பு சரி. ஆனால் 25,000-ஐத் தொடாததால் அந்தக் கால் ஆப்ஷனின் மதிப்பு பூஜ்யம். 9,000 ரூபாயும் போயிற்று. ஏறுமா இறங்குமா என்பது மட்டும் இங்கே கேள்வி கிடையாது. எவ்வளவு ஏறும், எந்தக் கிழமைக்குள் ஏறும், அதற்கு நான் கொடுத்த விலை நியாயமா என்ற மூன்றும் ஒன்றாகச் சரியாக வர வேண்டும். தொடங்குகிறவருக்கு இது ஏற்ற இடமே கிடையாது. முதல் இரண்டு வருடம் அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்பேன்.

சரி, அப்படியானால் எதைக் கற்றுக்கொள்வது? சார்ட்டில் கோடு போடுவதை, விலை ஏற்ற இறக்கத்தைக் காட்டும் மெழுகுவர்த்தி வடிவங்களின் பெயர்களை எல்லோரும் முதலில் படிக்கிறார்கள். அதைப் படிக்க ஒரு மாதம் போதும். படித்தவர்களில் பெரும்பாலோர் தோற்றதும் அதனால்தான். கற்க வேண்டியது வேறிடத்தில் இருந்தது. உங்கள் வேலையிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. பையர் ஒரு ஸ்டைல் அனுப்பினால் முதலில் என்ன செய்வீர்கள்? காஸ்டிங் போடுவீர்கள். நூல் விலை, நிட்டிங், டையிங், கட்டிங் வேஸ்டேஜ், ரிஜெக்‌ஷன் எத்தனை சதவீதம் வரும் என்று எல்லாவற்றையும் கணக்கில் ஏற்றிவிட்டுத்தான் விலை சொல்வீர்கள். வேஸ்டேஜே வராது என்று எந்த மெர்ச்சண்டைசரும் காஸ்டிங் போட மாட்டார். டிரேடிங்கில் நஷ்டம் என்பது அந்த வேஸ்டேஜ்தான். அது வரும். எவ்வளவு வரலாம் என்று டிரேடுக்கு முன்பே முடிவு செய்வதுதான் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார்கள் இல்லையா, இந்தத் தொழிலில் அந்த அளவுக்குப் பெயர் பொசிஷன் சைஸ்.

அதை எப்படிப் போடுவது என்று பாருங்கள். கற்றுக்கொள்ள நீங்கள் ஒதுக்கிய பணம் 50,000 ரூபாய் என்போம். ஒரு டிரேடில் அதிகபட்சம் 1 சதவீதம், அதாவது 500 ரூபாய்தான் இழக்கலாம் என்று விதி. ஒரு பங்கு 400 ரூபாயில் இருக்கிறது. 388-க்குக் கீழே போனால் என் கணிப்பு தப்பு என்று ஒத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன் என்று முடிவு செய்கிறீர்கள். அப்படியானால் ஒரு பங்குக்கு 12 ரூபாய் ரிஸ்க். 500-ஐ 12-ஆல் வகுத்தால் 41 பங்கு. 41 பங்கை 400 ரூபாய்க்கு வாங்க 16,400 ரூபாய். கணக்கில் பாக்கிப் பணம் இருக்கிறதே என்று 42-ஆவது பங்கை வாங்கக் கூடாது. டெலிவரியில் (பங்கைக் கணக்கில் சேர்த்து வைத்துப் பிறகு விற்பது) வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் எஸ்.டி.டி. என்ற பரிவர்த்தனை வரி, அப்புறம் முத்திரைக் கட்டணம், விற்கும்போது டீமேட் கணக்குக் (பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் கணக்கு) கட்டணம், அதன்மேல் ஜி.எஸ்.டி. என்று சேர்த்தால், புரோக்கரேஜே இல்லாத இடத்திலும் போய்வர 50 ரூபாய் பக்கம் ஆகும். உங்கள் 500 ரூபாய் ரிஸ்கில் பத்தில் ஒரு பங்கு அதுவே. இதனால்தான் ஒரே நாளில் பத்துத் தடவை வாங்கி விற்கிறவர்களுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. பங்குகளில் இன்ட்ராடே, அதாவது டே டிரேடிங் செய்பவர்களைப் பற்றி 2024 ஜூலையில் செபி வெளியிட்ட ஆய்விலும் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம் என்றுதான் வந்தது.

ஏன் 1 சதவீதம், ஏன் 10 சதவீதம் கூடாது? பத்து டிரேடில் நாலு ஜெயித்து ஆறு தோற்கும் முறை ஒன்று உங்களிடம் இருக்கிறது, ஜெயிக்கும்போது தோற்பதைப் போல் இரண்டு மடங்கு கிடைக்கிறது என்போம். அது நல்ல முறை, பத்து டிரேடு முடிவில் லாபம்தான். ஆனாலும் நூறு டிரேடு செய்தால் இடையில் எங்கோ ஏழு தோல்வி வரிசையாக வருவது சாதாரணம். ஒவ்வொன்றிலும் 10 சதவீதம் போட்டவருக்கு அந்த ஏழாவது தோல்வியோடு பாதிப் பணத்துக்கு மேல் போய்விடும். பாதி போனால், பழைய இடத்துக்கு வர 100 சதவீதம் சம்பாதிக்க வேண்டும். 1 சதவீதம் போட்டவருக்கு அதே ஏழு தோல்வியில் 7 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் போகும். அவர் எட்டாவது டிரேடைப் பதறாமல் போடுவார். இருவருக்கும் முறை ஒன்றேதான்.

அமெரிக்காவில் 1983-இல் ரிச்சர்ட் டென்னிஸ் என்ற சிகாகோ டிரேடர், இதைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று தன் கூட்டாளி வில்லியம் எக்கார்ட்டோடு வாதம் செய்து, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆட்களைச் சேர்த்தார். இரண்டு வாரம்தான் பாடம். பிறகு தன் பணத்தையே கொடுத்து டிரேடு செய்ய விட்டார். அவர்கள் கற்ற பாடத்தில் பெரிய பகுதி எந்த அளவில் வாங்குவது, எங்கே வெளியேறுவது என்பதுதான். ஒரு டிரேடில் கணக்கின் 2 சதவீதத்துக்கு மேல் ரிஸ்க் கூடாது என்பது அதில் ஒரு விதி. விதிகள் எல்லோருக்கும் ஒன்று, பலன் மட்டும் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது. பாடத்தை இரண்டு வாரத்தில் சொல்லிவிடலாம் தம்பி, அதன்படி நடப்பதற்குத்தான் வருடக்கணக்கில் ஆகிறது.

நடப்பதைப் பழகுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே கருவி நோட்டு. எங்கள் அலுவலகத்துக்கு ஒரு நூல் வியாபாரி வருவார். கடையில் பேரேடு எழுதுகிற மாதிரியே நீள நோட்டு ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொரு டிரேடுக்கும் மூன்று வரி. ஏன் வாங்கினேன், எந்த விலையில் தப்பென்று ஒத்துக்கொள்வேன், கடைசியில் என்ன செய்தேன். வாங்கும் முன்பே முதல் இரண்டு வரியையும் எழுதிவிட்டுத்தான் என்னிடம் ஆர்டர் சொல்வார். ஒரு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை அந்த நோட்டை எடுத்துவந்து என் முன்னால் பிரித்தார். ஓரத்தில் சிவப்பு மையில் புள்ளி வைத்திருந்தார். ஒரு நஷ்டம் வந்து அரை மணி நேரத்துக்குள் போட்ட டிரேடுகள் அவை. அந்தச் சிவப்புப் புள்ளிகளை மட்டும் எடுத்துவிட்டால் அந்த வருடம் அவருக்கு லாபம். சேர்த்தால் நஷ்டம். அதற்கப்புறம் ஒரு நஷ்டம் வந்தால் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்து கடைக்குப் போய்விடுவார். அவர் புதிதாக எந்த இண்டிகேட்டரும் படிக்கவில்லை.

எனக்கே இதில் அனுபவம் உண்டு. ஆரம்பத்தில் ஒரு பங்கில் ஸ்டாப் லாஸை (தப்பென்று ஒத்துக்கொண்டு வெளியேறும் விலை) மூன்று தடவை கீழே இறக்கி வைத்தேன், 'இன்னும் கொஞ்சம்தான், திரும்பிவிடும்' என்று. 2,000 ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது என் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொண்டுபோனது. எனக்குப் படிப்பும் இருந்தது, தினமும் மார்க்கெட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டு மட்டும் இல்லை.

45,000 ரூபாய் வகுப்பைப் பற்றி. நடத்துகிறவர் யார் என்று எனக்குத் தெரியாது, அதனால் குறை சொல்லவில்லை. பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். வகுப்பில் லைவ் மார்க்கெட்டைக் காட்டி 'இதை வாங்குங்கள்' என்று சொல்கிறார்களா? அப்படியானால் அவர் செபியில் ரிசர்ச் அனலிஸ்ட்டாகவோ முதலீட்டு ஆலோசகராகவோ பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் செபி இணையதளத்தில் இருக்கிறது. பாடம் மட்டும் நடத்துகிறேன் என்பவர் கடந்த மூன்று மாத விலையைக் காட்டிப் பங்குகளைப் பற்றிப் பேசக் கூடாது என்று 2025 ஜனவரியில் செபி சுற்றறிக்கை விட்டது. இரண்டாவது, அவருடைய ஒரு நாள் லாபத்தைக் கேட்காதீர்கள். ஒரு முழு நிதியாண்டுக்கு புரோக்கர் தரும் லாப நஷ்டக் கணக்கை, செலவெல்லாம் கழித்த பிறகு, காட்டச் சொல்லுங்கள். உங்கள் நண்பரிடமும் இதையே கேட்கலாம். ஸ்டேட்டஸில் வருவது ஜெயித்த நாட்கள்தான். தோற்ற நாள் யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதில்லை. நண்பர் மேல் கோபப்பட வேண்டாம், அவரும் உள்ளே பதறிக்கொண்டிருக்கலாம்.

அந்த 45,000 இல்லாமலே தொடங்க முடியும். மும்பையை அடுத்த பாதாள்கங்காவில் இருக்கும் என்.ஐ.எஸ்.எம். என்ற பங்குச் சந்தைக் கல்வி நிறுவனத்தை 2006-இல் செபி அமைத்தது. செபியும் அந்த நிறுவனமும் சேர்ந்து முதலீட்டாளர்களுக்கு இலவசத் தேர்வு ஒன்றை நடத்துகின்றன. அதன் பாடத்தை முதலில் படியுங்கள். டீமேட் என்றால் என்ன, வாங்கிய பங்கு மறுநாள் எப்படிக் கணக்குக்கு வருகிறது, மார்க்கெட் ஆர்டருக்கும் லிமிட் ஆர்டருக்கும் என்ன வித்தியாசம், புகார் எங்கே கொடுப்பது என்று அடிப்படை எல்லாம் அதில் புரிந்துவிடும். கூடவே ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படித்துப் பழகுங்கள். ஜவுளிக் கம்பெனி ஒன்றை எடுங்கள். பஞ்சு விலை ஏறினால் லாபம் எங்கே அடிபடும் என்று உங்களுக்குச் சொல்லித்தர ஆளே வேண்டாம்.

அப்புறம் நேரம். மார்க்கெட் காலை 9.15-லிருந்து மாலை 3.30 வரை. ஷிப்மென்ட் நெருக்கடியில் மேஜைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு இன்ட்ராடே செய்தால் வேலையும் கெடும், டிரேடும் கெடும். நீங்கள் செய்யத் தக்கது சில வாரங்கள் வைத்திருக்கும் டெலிவரி டிரேடு. இரவு வீட்டுக்கு வந்து, முடிந்த விலையைப் பார்த்து, நோட்டில் எழுதி, வாங்கும் விலையையும் ஸ்டாப் லாஸையும் ஜி.டி.டி. ஆர்டராக (நாம் சொன்ன விலை வரும்வரை காத்திருக்கும் ஆர்டர்) போட்டுவிட்டுத் தூங்கலாம். ஆனால் ஸ்டாப் லாஸ் இருக்கிறது என்று முழுதாக நம்பிவிடவும் கூடாது. 2024 ஜூன் 3-ஆம் தேதி நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மறுநாள் தேர்தல் முடிவு வந்தபோது ஏறக்குறைய 6 சதவீதம் விழுந்தது. அந்த மாதிரி நாளில் விலை நீங்கள் வைத்த புள்ளியைத் தாண்டிக் குதித்துவிடும். கடனில் வாங்காமல் இருந்தால் அடி படும், ஆனால் எழுந்துவிடலாம்.

காகித டிரேடிங் (பணம் போடாமல் பழகுவது) இரண்டு மாதம் செய்யுங்கள். அதற்கு மேல் வேண்டாம். பட்டன்களைப் பழக அது உதவும். சொந்தப் பணம் 300 ரூபாய் குறையும்போது வயிற்றில் என்ன நடக்கிறது என்பதை அது காட்டாது. பல்க் கட்டிங் போடும் முன் சாம்பிள் அப்ரூவல் வாங்குவீர்கள் அல்லவா, அந்தச் சாம்பிளும் உண்மையான துணியில்தான் இருக்க வேண்டும். ஆகவே காகிதத்துக்குப் பிறகு 50,000 ரூபாய். ஒன்றரை லட்சத்தில் பாக்கி ஒரு லட்சம் வங்கியிலேயே இருக்கட்டும். அது உங்கள் வீட்டின் நாலு மாதச் செலவு, டிரேடிங் பணம் கிடையாது. குறைந்தது 60, 70 டிரேடு நோட்டில் ஏறும் வரை முதலை ஒரு ரூபாய்கூடக் கூட்டாதீர்கள். உங்கள் வேகத்துக்கு அதற்கு ஒன்றரை வருடமாவது ஆகும். நீங்கள் கேட்ட 'எவ்வளவு நாள்' என்பதற்கு என் பதில் அதுதான், அதுவும் தொடரலாமா வேண்டாமா என்று தெரிவதற்கு மட்டும். வேண்டாம் என்று தெரிந்து, மாதாமாதம் இண்டெக்ஸ் ஃபண்டில் (குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் ஃபண்ட்) எஸ்.ஐ.பி. போட்டுக்கொண்டு போனாலும் அது நல்ல முடிவுதான். அப்படிப் போனவர்கள் பலரை இன்றும் வழியில் பார்க்கிறேன், நன்றாக இருக்கிறார்கள்.

வரியை மறந்துவிடாதீர்கள். டெலிவரியில் ஒரு வருடத்துக்குள் விற்ற லாபத்துக்கு இப்போது 20 சதவீதம் வரி. இன்ட்ராடேயும் ஃப்யூச்சர்ஸ் ஆப்ஷன்ஸும் வியாபார வருமானம் என்ற கணக்கில் வரும். அதில் வந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தால்தான் நஷ்டத்தை அடுத்த வருடங்களுக்கு எடுத்துப்போகலாம்.

வாட்ஸ்அப்பில் யாராவது குழுவில் சேர்த்து, ஆப் ஸ்டோரில் கிடைக்காத ஏதோ ஆப்பை லிங்க் மூலம் இறக்கச் சொன்னால் உடனே வெளியேறுங்கள். அதில் தெரியும் லாபம் வெறும் எழுத்து. பணத்தை எடுக்கப் போகும்போதுதான் தெரியும். வெளிநாட்டு ஃபாரெக்ஸ் (அந்நியச் செலாவணி) தளங்களும் அப்படித்தான். அனுமதி இல்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் போட்டிருக்கிறது.

கடைசியாக அம்மாவின் நகை. நகைக் கடனுக்கு மாதாமாதம் வட்டி ஓடும். அந்த வட்டியை முந்த வேண்டும் என்ற அவசரத்தில் 1 சதவீத விதியெல்லாம் முதல் வாரத்திலேயே காற்றில் போய்விடும். எங்கள் அலுவலகத்துக்கு அடகுச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. அவர்கள் ஸ்கிரீனைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். அம்மா ஆசையாகச் சொல்கிறார், மறுப்பது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். இன்று இரவு சாப்பிடும்போதே, 'நகை பீரோவிலேயே இருக்கட்டும்மா, எனக்கு இப்போதைக்கு ஒரு நோட்டு போதும்' என்று சொல்லிவிடுங்கள்.

முதல் இருபது டிரேடு முடிந்ததும் அந்த நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். லாபமா நஷ்டமா என்று பார்க்க மாட்டேன். முதல் இரண்டு வரியும் வாங்கும் முன்பே எழுதப்பட்டதா என்றுதான் பார்ப்பேன்.